ஆற்றில் விடாத முடி

நான் ஓய்வுபெற்ற வாரத்தில்தான் எங்கள் ஆய்வுக்கூடத்தின் பழைய இயந்திரத்தைக் கழற்றிக்கொண்டு போக ஆட்கள் வந்தார்கள். அதற்காக இடத்தைக் காலி செய்துகொண்டிருந்தோம். நூருல் என்கிற இளம் பெண், என் பிரிவில் கடைசியாக வந்து சேர்ந்தவள், இழுப்பறையிலிருந்து ஒரு கண்ணாடித் தகட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அதில் இரண்டு மூன்று முடி இழைகள் ஒட்டியிருந்தன. பெயர் இல்லை, எண் இல்லை. பெயரும் எண்ணும் இல்லாத எதையும் குப்பையில் போடு என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

குப்பைத் தொட்டிப் பக்கம் அவள் கை போனது. "அதப் போட்ட, கைய ஒடிச்சிருவேன்!" என்று கத்திவிட்டேன். அவளுக்குத் தமிழ் தெரியாது. என் முகம் தெரியும். தகட்டை மெதுவாக என் கையில் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கதையைச் சொன்னால்தான் ஆச்சு என்றாள். மலாயில் பாதி சொன்னேன். மீதி எனக்குத் தமிழில்தான் வரும். அதனால் இங்கே முழுசாக எழுதுகிறேன்.

என் பெயர் ரோசலின். சொந்த ஊர் கூலாய். அப்பா எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டினார். பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்து, கோலாலம்பூரில் மருத்துவ ஆய்வுக்கூடப் பயிற்சி எடுத்தேன். அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. படித்தேன், பசித்தேன், தேறினேன். ஜொகூர் பாருவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. போன முதல் நாளே, யாரும் விரும்பாத பிரிவில் என்னைத் தள்ளிவிட்டார்கள். ரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள நுண்ணளவு உலோகங்களை அளக்கும் பிரிவு அது.

ஏன் யாரும் விரும்பவில்லை என்றால், அங்கே மனுஷியாக இருக்க முடியாது. முகத்துக்குப் பவுடர் கூடாது, அதில் துத்தநாகம். வளையல் கூடாது, மோதிரம் கூடாது. குங்குமம் வைத்துக்கொண்டு வந்தால் குழாயடிக்குப் போய்க் கழுவிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். சில குங்குமத்தில் ஈயம் இருக்கும். ரத்தம் பிடிக்கும் குழாய்களை அமிலத்தில் ஊறப்போட்டு, உப்பும் உலோகமும் நீக்கிய தண்ணீரில் அலசி, மூடிய பெட்டிக்குள் காயவைக்க வேண்டும். சாதாரணக் குழாயில் வார்டிலிருந்து ரத்தம் அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவேன். ரப்பர் மூடியிலிருந்தே துத்தநாகம் கசிந்துவிடும்; அப்புறம் நான் அளப்பது நோயாளியையா, மூடியையா? வார்டிலிருந்து போனில் கத்துவார்கள். "கோபம் இருந்தா யார்கிட்ட வேணும்னாலும் என் பேரைச் சொல்லு" என்று வைத்துவிடுவேன். அந்த வாக்கியம் எனக்குப் பட்டப்பெயராகவே ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியில் பாதிப் பேருக்கு நான் "சொல்லு என் பேரை" தான்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். அவர்களிடம் நான் சொல்வது இதுதான். நரம்பணுக்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதில்லை. பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி உண்டு. இந்தப் பக்கத்து அணு ஒரு ரசாயனத்தை அந்த இடைவெளியில் விடும். அந்தப் பக்கத்து அணு அதை வாங்கிக்கொண்டு சேதியைப் புரிந்துகொள்ளும். சிரிப்பது, பயப்படுவது, பால் உறிஞ்சுவது எல்லாமே இந்தக் கொடுக்கல் வாங்கல்தான். இதில் உலோகங்களுக்கு வேலை இருக்கிறது. துத்தநாகம் சில நரம்பணுக்களில் அந்த ரசாயனத்தோடேயே மூட்டைகட்டி வைக்கப்பட்டிருக்கும். கூடவே வெளியே வந்து சேதியின் வேகத்தை மட்டுப்படுத்தும். டோப்பமின் என்கிற சேதி ரசாயனத்தை நோர்அட்ரினலின் என்கிற இன்னொன்றாக மாற்ற ஒரு நொதி இருக்கிறது. செம்பு இல்லாவிட்டால் அந்த நொதி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். மாங்கனீசு கொஞ்சம் வேண்டும். மிஞ்சினால் மூளைக்குள் போய்க் குடியேறி டோப்பமினின் வேலையைக் கெடுக்கும். எல்லாமே துளியிலும் துளி. அதனால்தான் ஒரு சிட்டிகை பவுடர் ஒரு மனிதனின் முடிவையே மாற்றிவிடும்.

எனக்கு இதையெல்லாம் கற்றுக்கொடுத்தவர் புவான் சல்மா, எங்கள் பிரிவின் தலைமை வேதியியலாளர்; புவான் என்றால் மலாயில் திருமதி. ஒல்லியான உருவம், மூக்கு நுனியில் கண்ணாடி. சத்தம் போட்டு நான் பார்த்ததே இல்லை. முடிவுத்தாளைக் கொண்டுபோய் வைத்தால், ஒவ்வோர் எண்ணின் கீழும் மூடிய பேனாவை நகர்த்திக்கொண்டே போவார். மனதுக்கு ஒப்பவில்லை என்றால் பேனாவால் மேசையில் ஒரு தட்டு. அப்புறம் ஒரே சொல்: "உலாங்." திரும்பச் செய் என்று மலாயில் அர்த்தம். ஏன் என்று சொல்ல மாட்டார். எங்கே தவறு என்றும் சொல்ல மாட்டார். ஒப்பியது என்றால் பேனாவின் மூடியைத் திறந்து கையெழுத்துப் போடுவார். அந்த மூடி திறக்கும் சத்தம்தான் அவர் வாயிலிருந்து வராத பாராட்டு. அதைக் கேட்பதற்காகவே நாங்கள் உழைத்தோம் என்றால் நம்ப மாட்டீர்கள்.

ஒருமுறை தெப்ராவ் பக்கத்துப் பட்டறை ஒன்றிலிருந்து ஒரு வெல்டரின் ரத்தம் வந்தது. முகம் மரத்துப்போய்விட்டது, பேச்சு தேய்ந்துவிட்டது, முன்னால் நடப்பார், இரண்டடி பின்னால் வைக்கச் சொன்னால் விழுந்துவிடுவார். மாங்கனீசு அதிகம் காட்டியது. நான் குதித்துக்கொண்டு ஓடினேன். ஒரு தட்டு. உலாங். மறுபடியும் செய்தேன், மறுபடியும் அதிகம். உலாங். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகுதான் உறைத்தது: ரத்தம் எடுத்தது எஃகு ஊசியால், எஃகிலேயே மாங்கனீசு இருக்கிறது. பிளாஸ்டிக் குழல் வைத்து, முதலில் வரும் ரத்தத்தைக் கொட்டிவிட்டு, அடுத்ததைப் பிடித்து அளந்தோம். எண் இறங்கியது, ஆனாலும் அதிகம்தான். மூடி திறந்தது. அந்த மனிதரை வெல்டிங் புகையிலிருந்து எடுத்து வேறு வேலைக்கு மாற்றினார்கள். ஒரு முடிவு நமக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காக அதை நம்பக் கூடாது என்று அன்று புத்தி வந்தது.

இனி அந்தத் தகட்டுக்கு வருகிறேன்.

டாக்டர் லீ என்று ஒரு குழந்தை மருத்துவர். போன் பண்ணாமல், ஆள் அனுப்பாமல், தானே எங்கள் கூடத்துக்கு இறங்கி வந்தார். வார்டில் ஒரு பச்சைக் குழந்தை, ஆண். கூலாயைச் சேர்ந்த குடும்பம். மஞ்சள் காமாலை இறங்கவில்லை, உடம்புச் சூடும் ஒரே நிலையில் நிற்கவில்லை என்று வைத்திருந்தார்கள். மற்றபடி குழந்தை நன்றாகத்தான் இருந்தது, பால் குடித்தது. டாக்டரை உறுத்தியது வேறு. இந்தத் தம்பதிக்கு முதலில் பிறந்த பையன் மூன்றாம் மாதத்தில் சிரிப்பதை நிறுத்தினான், வலிப்பு வந்தது, தலை நிற்கவில்லை, இரண்டு வயது ஆகுமுன் போய்விட்டான். என்ன நோய் என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை. தாயின் கூடப்பிறந்த தம்பி ஒருவனும், சாஆ என்கிற ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில், கைக்குழந்தையாகவே அப்படித்தான் இறந்தானாம்.

"தாய் வழியாக ஆண் பிள்ளைகளுக்கு வரும் ஒரு நோய் இருக்கிறது," என்றார் டாக்டர் லீ. சாப்பாட்டிலுள்ள செம்பு குடலைத் தாண்டி உடம்புக்குள் போகாது. மூளைக்குச் செம்பு கிடைக்காது. பிறக்கும்போது ஒன்றும் தெரியாது. இரண்டாம் மூன்றாம் மாதத்தில்தான் சரிவு தொடங்கும். சரிந்தபின் செய்வதற்கு அதிகமில்லை. முதல் மாதத்துக்குள்ளேயே தோலடியில் செம்பு ஊசி போட ஆரம்பித்தால் சில பிள்ளைகள் தப்பிக்கும். "எனக்கு இருப்பது சில வாரங்கள்தான்," என்றார்.

செம்பை அளந்தேன். குறைவு. தாளைத் தூக்கிக்கொண்டு போனேன். புவான் சல்மா அதைப் பார்த்துவிட்டு, வழக்கத்துக்கு மாறாகப் பேசினார். "பிறந்த குழந்தை எல்லாவற்றுக்கும் செம்பு குறைவாகத்தான் இருக்கும். இதை வைத்துக்கொண்டு என்ன சொல்லப் போகிறாய்?" உண்மைதான். நோய் இருக்கும் பிள்ளைக்கும் குறைவு, இல்லாத பிள்ளைக்கும் குறைவு. சந்தேகத்தின் பேரில் ஊசி போட்டுவிடலாம் என்றால் அதுவும் முடியாது; நோய் இல்லாத குழந்தைக்குச் செம்பை ஏற்றினால் ஈரலைக் கெடுக்கும். மரபணுச் சோதனைக்கு வெளிநாட்டுக்கு அனுப்பினால் அப்போதெல்லாம் மாதக் கணக்கில் ஆகும். ஆதாரம் இல்லாமல் அந்த மருந்தை வரவழைக்க மருந்தகமும் சம்மதிக்காது.

"இந்த நோய்க்கு ஓர் அடையாளம் உண்டு, முடி," என்றார் டாக்டர் லீ. முதல் முடி உதிர்ந்து அடுத்தது வளரும்போது வெளிறி, முறுகி, கம்பி மாதிரி நிற்குமாம். மூத்தவனின் பழைய பதிவுகளை அவர் புரட்டிப் பார்த்திருந்தார். "எத்தனையோ தடவை அட்மிட் ஆகியிருக்கிறான். எல்லாத் தடவையும் ஒரே வரி, தலை மழிக்கப்பட்டுள்ளது. ஏன் இப்படி?"

எனக்குச் சட்டென்று புரிந்தது. நான் கத்தோலிக்கப் பெண்தான். ஆனால் என் தங்கைக்கு டைபாய்டு வந்தபோது மாதாவுக்கு மொட்டை நேர்ந்துகொண்டது எங்கள் வீட்டிலும் நடந்திருக்கிறது. பிள்ளைக்கு வலிப்பு வருகிறது. சாமிக்கு வேண்டிக்கொண்டு முடி இறக்குகிறார்கள். பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிறார்கள். முடி மறுபடி வளர்கிறது, மறுபடி வலிப்பு, மறுபடி மொட்டை. நோய் தன் பெயரை எழுதி வைத்திருந்த இடத்தை, அன்பின் மிகுதியால், டாக்டர் பார்க்குமுன் ஒவ்வொரு தடவையும் துடைத்துவிட்டார்கள்.

மூத்தவன் போய்விட்டான். சின்னவன் தலையிலோ பிறந்த முடி, கருகருவென்று இருந்தது. அது எதுவும் சொல்லாது. மிச்சமிருந்தது ஒரே வழிதான். செம்பு இல்லாவிட்டால் அந்த நொதி வேலை செய்யாது என்று சொன்னேன் அல்லவா? அப்படியானால் குழந்தையின் ரத்தத்தில் டோப்பமின் தேங்கிக் கிடக்கும், நோர்அட்ரினலின் குறைந்திருக்கும். இரண்டையும் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி இயந்திரம் எங்களிடம் இருந்தது. பெரியவர்களுக்கு அட்ரீனல் சுரப்பியில் கட்டி என்று சந்தேகம் வந்தால் அதில்தான் பார்ப்போம். மெல்லிய குழாய் வழியே ரசாயனங்களைப் பிரித்து அனுப்பும். ஒவ்வொன்றும் வெளியே வரும்போது தாளில் ஒரு மேடு வரையும். பச்சைக் குழந்தையின் ரத்தத்தை நாங்கள் அதில் ஏற்றியதே இல்லை. புவான் சல்மா, "செய். ஆனால் நம்பினால்தான் கையெழுத்துப் போடுவேன்," என்றார்.

முதல் முயற்சி நாசமாய்ப் போனது. குழந்தை வீறிட்டு அழும்போது குத்தி எடுத்திருக்கிறார்கள். அழுதாலே நோர்அட்ரினலின் எகிறிவிடும். போதாக்குறைக்கு ரத்தம் கொண்டுவந்த ஆள் வழியில் யாரோடோ பேசிக்கொண்டு நின்றதில் பெட்டியில் பனிக்கட்டி கரைந்து தண்ணீராகிவிட்டது. தாளில் மேடுகள் தாறுமாறாக வந்தன. ஒரு தட்டு. உலாங்.

ஆனால் வீட்டார் மறுத்துவிட்டார்கள். இரண்டாவது முறை ரத்தம் எடுக்கக் கூடாது, ஆஸ்பத்திரிப் பதிவிலிருந்து பெயரை வெட்டுங்கள், வீட்டுக்குக் கொண்டுபோகிறோம் என்றார்கள். முப்பது, அதாவது பிள்ளை பிறந்த முப்பதாம் நாள், சாமி கும்பிட வேண்டும், அன்றைக்குப் பிள்ளைக்குத் தலை மழிக்க வேண்டும், எல்லாம் பேசியாகிவிட்டது. டாக்டர் லீ போனில் இதைச் சொன்னபோது அவர் குரல் தளர்ந்திருந்தது. எனக்குத் தளரவில்லை, எரிந்தது. பனிக்கட்டிப் பெட்டியை எடுத்துக்கொண்டு நானே மேலே போனேன். ஆய்வுக்கூடத்துக்காரர்கள் நோயாளியிடம் பேசக் கூடாது என்பது எழுதப்படாத விதி. புவான் சல்மா நான் பெட்டியோடு போவதைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

குழந்தையின் அப்பா சரவணன், செனாய் ஊரிலுள்ள தொழிற்சாலையின் சீருடையோடு சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். அம்மா சுமதி, கட்டிலோரத்தில், பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு.

"எவ்ளோ ரத்தந்தான் எடுப்பீங்க?" என்றார் சரவணன், என்னைப் பார்த்ததும். "பெரியவன்கிட்ட எடுக்காத ரத்தமா? என்ன கண்டுபிடிச்சாங்க? ஒண்ணும் இல்ல லா. கடைசில வெள்ளத் துணியில சுத்தித்தான் கொடுத்தாங்க."

"நீங்க சொல்றது நியாயம் தம்பி," என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வாசலில் போய் நின்றார். நான் சுமதியின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பெரியவன் முடி எப்படிம்மா இருந்துச்சு?"

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். அந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. "சட்டி தேய்க்கிற கம்பி நார் மாதிரிக்கா. வெள்ளையா, முட்டி முட்டி நிக்கும். தடவுனா கையில ஒடிஞ்சு வரும். பாக்குறவங்க ஒரு மாதிரி பேசுவாங்க. மாமி சொல்வாங்க, முருகனுக்கு எறக்கிட்டா நல்லதா வளரும்னு. ஒவ்வொரு வாட்டியும் எறக்குனோம்."

"எறக்குன முடிய என்ன பண்ணீங்க?"

அவள் வாசலைப் பார்த்தாள். கணவர் அங்கேதான் நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, அழ ஆரம்பித்தாள். "ஆத்துல விடணும். கடைசி வாட்டி எங்கிட்டதான் கொடுத்தாங்க. நா பாதியத்தான் விட்டேங்க்கா. மீதிய எடுத்து வச்சிக்கிட்டேன். அவன் போனப்புறம் அவனோட வாசம் அதுல மட்டுந்தான் இருந்துச்சு. சாமிக்குன்னு கொடுத்தத நா திருடிட்டேன். அதான் இவனுக்கும் வருதோன்னு…"

இந்தப் பெண் இத்தனை நாளாக இதைத் தனியாகச் சுமந்திருக்கிறாள். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. "அந்த முடி இப்ப எங்க இருக்கு?" என்றேன்.

"வீட்ல. அலமாரியில."

"நாளைக்கு எடுத்துட்டு வரச் சொல்லு."

"வெளிய எடுத்தா சாமி கோச்சிக்காதாக்கா?"

"அதப் பொறவு பாத்துக்கலாம். மொதல்ல கொண்டுவா."

அன்று சாயங்காலமே அவள் கணவரிடம் சொல்லியிருக்கிறாள். மறுநாள் சரவணன்தான் கொண்டுவந்தார். முடி இருந்தது ஒரு குழந்தைப் பவுடர் டின்னில். உலோகத்தை அளக்கிறவளுக்கு அதைவிட மோசமான பாத்திரம் உலகத்தில் கிடையாது. அந்த முடியில் செம்பு எவ்வளவு, துத்தநாகம் எவ்வளவு என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஆனால் எனக்கு வேண்டியது அளவில்லை, வடிவம். அதைப் பவுடர் கெடுக்காது. இரண்டு மூன்று இழைகளைக் கழுவி, தகட்டில் ஒட்டி, நுண்ணோக்கியில் வைத்தேன்.

டாக்டர் லீ முதலில் பார்த்தார். "இதுதான்," என்றார், அவ்வளவுதான். அப்புறம் புவான் சல்மா குனிந்தார். நல்ல முடி நேராக, உருண்டையாகத் தெரியும். இது தட்டையாக, சடை ரிப்பனை முறுக்கிவிட்டது போல, தன்னைத்தானே சுற்றிச் சுற்றிப் போயிற்று. அவர் நெடுநேரம் தலையை எடுக்கவில்லை. எடுத்தபோது அவர் கை பேனாவைத் தேடவில்லை.

"இதற்கு உலாங் கிடையாது," என்றார் மெதுவாக. "போய்விட்ட இந்தப் பிள்ளையிடம் திரும்ப எடுக்க முடியாது. அதனால் சின்னவனுடையதைச் சரியாகச் செய்வோம்."

சரவணனையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். டாக்டர் லீ பக்கத்தில் நின்று விளக்கினார்: மூத்தவனுக்கு இந்த நோய்தான், சின்னவனுக்கும் இருக்கிறதா என்று ரத்தம்தான் சொல்லும். சரவணன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். மூத்தவனுக்கு மொட்டை போடும்போது மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டது அவர்தான். "அப்ப இது பூராவும் அவன் தலையிலதான் இருந்துச்சா?" என்று கேட்டார். "நாங்கதான் ஒவ்வொரு வாட்டியும் எடுத்துட்டோமா?"

"யாருக்கும் தெரியாது தம்பி. தெரிஞ்சிருந்தாலும் அப்ப நேரம் தாண்டியிருக்கும். இவனுக்கு நேரம் இருக்கு."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எடுங்க," என்றார்.

இந்த முறை எல்லாம் எங்கள் கையில். டாக்டர் லீ குழந்தையின் கையில் முன்கூட்டியே மெல்லிய குழல் ஒன்றைப் பொருத்திவிட்டார். அது அழுது முடித்து, பால் குடித்து, தாயின் மடியிலேயே தூங்கும்வரை காத்திருந்தோம். மத்தியான நேரம். ஜன்னல்களுக்குத் திரை போட்டாயிற்று. தள்ளுவண்டியைக் கடகடவென்று உருட்டிக்கொண்டு வந்த ஆளை, மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் வார்டு நர்ஸ் கண்ணாலேயே நிறுத்திவிட்டார். பக்கத்துக் கட்டில் சீனத் தாய் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போய்விட்டாள். யாரும் அவளிடம் கேட்கவில்லை. புவான் சல்மா, அதுவரை வார்டுப் பக்கமே வராதவர், என் பின்னால் கைகட்டி நின்றார். குழந்தையின் மூச்சு சீரானது. டாக்டர் லீ அசையாமல், இழுக்கிறதே தெரியாமல் இழுத்தார். ரத்தம் குளிர்ந்த குழாயில் விழுந்தது. பிள்ளை விழிக்கவில்லை.

லிப்டை நம்பவில்லை. பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியில் இறங்கினேன். குளிரூட்டிய சுழற்சி இயந்திரத்தில் ரத்தத்தைச் சுற்றித் தெளிவைப் பிரித்தோம். அதிலிருந்து வேண்டிய ரசாயனங்களை மட்டும் பிடித்தெடுத்தோம். இரண்டு முறை ஓட்டத்தான் போதும், மூன்றாவதுக்கு இல்லை. முதலில் அளவு தெரிந்த மாதிரியை ஓட்டி, இயந்திரம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். அப்புறம் குழந்தையினுடையது.

தாள் மெதுவாக நகர்ந்தது. நோர்அட்ரினலின் வர வேண்டிய இடத்தில் ஒரு சின்னப் புடைப்பு. பிறகு நேர்கோடு. பிறகு டோப்பமின் வந்தது. வந்தது, ஏறியது, ஏறிக்கொண்டே போனது. புவான் சல்மா வாயைத் திறக்குமுன் நானே சொன்னேன், "உலாங்." இரண்டாவது முறையும் அப்படியே வந்தது, மேட்டுக்கு மேடு.

பேனாவின் மூடி திறந்தது. இவ்வளவு வருஷத்தில் அந்தச் சத்தத்துக்கு நான் அழுதது அன்று ஒருநாள்தான்.

மருந்தை வரவழைக்க டாக்டர் லீ யார் யாரிடமோ சண்டை போட்டார், கெஞ்சினார். முதல் மாதம் முடியுமுன் முதல் ஊசி போட்டாயிற்று. தினமும் போட வேண்டும் என்பதால் சுமதியே கற்றுக்கொண்டாள். செம்புதானே குறைவு என்று அவள் மாமியார் செம்புச் சொம்பில் தண்ணீர் ஊற்றி வைத்துச் பால் கொடுக்கும் சங்கடையில் புகட்டப் பார்த்தாராம். வாயால் போனால் குடலோடு நின்றுவிடும் என்று சுமதி அவருக்கே பாடம் எடுத்திருக்கிறாள். முப்பது கும்பிட்டார்கள், ஆனால் தலை மழிக்கவில்லை. "இவன் முடிய டாக்டர் பாக்கணும். யாரும் கத்திய எடுக்கக் கூடாது," என்று அவள் நின்றுவிட்டாள். நோய் தன் வழியாக வருவது தெரிந்தபோது அவள் ஒருநாள் முழுக்க அழுததும் எனக்குத் தெரியும். அதை என்னால் அளக்கவும் முடியாது, சரிசெய்யவும் முடியாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

எல்லாப் பிள்ளைக்கும் இந்த ஊசி பலிப்பதில்லை. மரபணுவில் பழுது எங்கே என்பதைப் பொறுத்தது. இவனுக்குக் கொஞ்சம் வழி இருந்தது. தர்ஷன், அதுதான் அவனுக்கு வைத்த பெயர், தாமதமாக உட்கார்ந்தான், தாமதமாக நடந்தான். மூட்டுகள் தளர்வு, சிறுநீர்ப்பையில் அறுவை சிகிச்சை என்று ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்தார்கள். வலிப்பு மட்டும் வரவில்லை. மூன்றாம் மாதத்தில் அவன் சிரிப்பதை நிறுத்தவில்லை.

ஓய்வுபெற்ற அடுத்த ஞாயிறு, அந்தத் தகட்டை ஒரு கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு கூலாய்க்குப் போனேன். கதவைத் திறந்தது தர்ஷன்தான். இப்போது ஆரம்பப்பள்ளி மேல் வகுப்பு. ஒல்லி, தடித்த கண்ணாடி, தலையில் காடு மாதிரி முடி. "ஆன்ட்டி, வாங்க லா," என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உள்ளே போனான். சுமதி பவுடர் டின்னை ஏற்கனவே வெளியே எடுத்து வைத்திருந்தாள். இன்றைக்கு மீதியை ஆற்றில் விட்டுவிடப் போகிறார்களாம், மூன்று பேருமாக. "இத்தன வருஷம் முருகனக் காக்க வச்சிட்டேங்க்கா. குடுத்துர்றேன்."

நான் தகட்டைக் கொடுத்தேன். அதிலும் பெரியவன்தான் இருக்கிறான் என்றேன். அவள் அதை வெளிச்சத்தில் பிடித்து, ரொம்ப நேரம் பார்த்தாள். தர்ஷன் அவள் தோளில் தாடையை வைத்துக்கொண்டு, "அண்ணனா?" என்று கேட்டான். அவள் தலையாட்டினாள். பிறகு டின்னை மேசையில் வைத்துவிட்டு, தகட்டை மட்டும் முந்தானைக்குள் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இத மட்டும் வச்சிக்கவாக்கா? சாமி கோச்சிக்காதா?"

"கோச்சிக்கிட்டா," என்றேன், "என் பேரைச் சொல்லு."